வளைவைத் தாண்டும் தண்ணீர்

மணியைக் கையில் ஏந்தி இம்மன்றத்தை ஆளும் தலைவர் அவர்களே! தலைவர் மணியை ஆள, தலைவரை ஆளும் துணைவியார் அவர்களே! முன்வரிசையை விடியும்போதே பிடித்துவிட்ட பெரியவர்களே! பதினோரு நாள் மண்வெட்டி பிடித்து, முட்புதர் வெட்டி, வாய்க்காலுக்கு வாயைத் திறந்து கொடுத்த இருபத்திரண்டு தாய்மார்களே! உட்கார்ந்திருப்பவர்களே! நிற்பவர்களே! நிற்க இடமின்றி மரக்கட்டைகளின் மேல் ஏறியிருப்பவர்களே! என் முதுகுக்குப் பின்னால் அசையாமல் நிற்கும் நீர்ச்சக்கரமே! சக்கரத்தோடு பிணைந்த வட்ட வாளே! வாளின் நாற்பத்தெட்டுப் பற்களே! முதல் பல்லே, இரண்டாம் பல்லே...

கேட்டது தலைவரே, மணி கேட்டது. பற்களுக்கு மொத்தமாக என் வணக்கம்.

அங்கே ஒருவர், "விஷயத்துக்கு வாம்மா, அறுக்காத!" என்கிறார். ஐயா, அறுப்பதற்குத்தானே இங்கே கூடியிருக்கிறோம்!

விஷயம் உங்களுக்குத் தெரியும். ஆனால் தெரிந்ததைத் திரும்பச் சொல்லும்போதுதான் நேரம் நன்றாகப் போகிறது. இந்த மர மில்லுக்குத் தண்ணீர் கொண்டுவந்த பழைய வாய்க்காலை மூடி, அதன் மேல் சாலை போட ஊர் மன்றம் நினைக்கிறது. மண் ஏற்றிய மூன்று லாரிகள் வாசலில் நிற்கின்றன. தலைவர் ஒரே ஒரு நிபந்தனை வைத்தார். கடைசிப் பேச்சாளர் பேசி முடிப்பதற்குள் வாய்க்கால் தண்ணீரில் இந்த வாள் ஓடி, ஒரு பலகை அறுத்துப் போட வேண்டும். அறுத்தால் வாய்க்கால் பிழைக்கும். இல்லையென்றால் லாரி.

கடைசிப் பேச்சாளர் நான். மதகைப் பார்த்துக்கொள்பவர் என் அத்தை. காலை எட்டு மணிக்குத் திறந்துவிட்டார். இப்போது பத்தரை. தண்ணீர் எங்கே?

எங்கே? கேளுங்கள், நன்றாகக் கேளுங்கள். கணக்குப் போட்டவள் நான்தான். மூன்று கிலோமீட்டர் தூரம். இவ்வளவு சரிவு. இவ்வளவு வேகம். ஒன்றரை மணி நேரம் என்று காகிதம் சொன்னது. காகிதத்துக்குத் தாகம் எடுக்குமா? எடுக்காது. மண்ணுக்கு எடுக்கும். பத்தொன்பது வருஷம் காய்ந்து கிடந்த மண். குடித்தது. இன்னும் குடிக்கிறது. நான் படித்த படிப்பில் தாகத்துக்கு ஒரு வரிகூட இல்லை.

மறுபடியும் மணி. தலைவரே, ஒரு கதை. ஒரே ஒரு கதை. துணைவியார் தலையசைத்துவிட்டார், ஆகவே சொல்கிறேன்.

நூற்று நாற்பது வருஷத்துக்கு முன்னால் இந்த மில்லைக் கட்டியவர் ஒரு மரம் அறுப்பவர். அவசரக்காரர். வாய்க்காலை நேராக வெட்டினார். குன்றின் தலையிலிருந்து சக்கரத்தின் தலைக்கு, ஒரே கோடு. மனைவி சொன்னார்: "சுத்திக் கொண்டு வாங்க. இவ்வளவு வேகமா வந்தா தாங்காது." கேட்டாரா? எந்தக் காலத்தில் கேட்டிருக்கிறார்கள்? திறப்பு விழா அன்று தண்ணீர் பாய்ந்தது. பாய்ந்த வேகத்தில் சக்கரம் சிதறி திசைக்கொரு துண்டாகப் பறந்தது. ஒரு துண்டு அவருடைய தொப்பியையும் கொண்டுபோனது. மனைவி வந்தார். பார்த்தார். இரண்டே வார்த்தை.

"நான் சொன்னேன்!"

தாய்மார்கள் பக்கம் ஒரே குரலாக வருகிறதே! பழக்கமான வார்த்தையோ?

பிறகு இரண்டு பேரும் சேர்ந்து, மூன்று மாதம், குன்றைச் சுற்றி ஒரு வளைவு வெட்டினார்கள். இன்றும் அதற்கு 'நான்-சொன்னேன் வளைவு' என்றுதான் பெயர். அந்த வளைவில் தண்ணீர் தயங்கும். தாமதிக்கும். சக்கரத்தை உடைக்காமல் சுற்றுவதற்குத்தான் அந்தத் தாமதம்.

பொறுங்கள். தொலைபேசி. அத்தை! தண்ணீரோடு கூடவே நடந்து வருகிறார். ஒலிபெருக்கியில் வைக்கிறேன், கேளுங்கள்.

"அடியே, பேச்ச நிறுத்திடாத! வளைவுல நண்டு வளை. தண்ணியெல்லாம் தோட்டத்துக்குள்ள போகுது."

அடைக்க முடியலையா அத்தை?

"சாக்கு பத்தல. பால்காரரு உக்காந்துட்டாரு."

எங்கே?

"ஓட்டையிலதான்! அளவெடுத்த மாதிரி இருக்கு. தண்ணி திரும்பிடுச்சு, வந்துட்டே இருக்கு. அண்ணே, எந்திரிச்சிடாதீங்க!"

சபையோரே! கைதட்டுங்கள்! ஒரு மனிதர் தன் பாரம் முழுவதையும் பொதுப்பணிக்குக் கொடுத்திருக்கிறார்! தலைவரே, இதற்கு மேலும் மணி அடிப்பீர்களா? அடிக்கிறீர்கள். அடியுங்கள்.

சாலை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. சாலை வரட்டும். வளைந்து வரட்டும்! ஒரு தண்ணீர் சுற்றி வந்து ஒரு சக்கரத்தைக் காப்பாற்றியது. ஒரு சாலை சுற்றி வந்து ஒரு தண்ணீரைக் காப்பாற்றக் கூடாதா? நேர்கோடு அழகுதான். நானும் காகிதத்தில் நேர்கோடு போட்டவள்தான். ஆனால் தாகம் எந்தக் கோட்டில் இருக்கிறது? பொறுமை எந்தக் கோட்டில் இருக்கிறது? பால்காரர் எந்தக் கோட்டில் இருக்கிறார்?

என்ன சத்தம் அது?

திரும்பாதீர்கள்... இல்லை, திரும்புங்கள்! எல்லோரும் வாய்க்கால் பக்கம் திரும்புங்கள்! சருகும் நுரையுமாக, சேறும் சிரிப்புமாக, முன்னால் தண்ணீர், பின்னால் அத்தை, செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு! சக்கரம்... ஒரு முனகல். சக்கரத்தின் ஒரு தட்டு நனைகிறது. அடுத்தது. அடுத்தது. அசைந்தது! வாளருகே காத்திருக்கும் சித்தப்பா, மரக்கட்டையை உள்ளே தள்ளுங்கள்! வாள் சுற்றுகிறது, வாள் மரத்தைத் தொடுகிறது, தூள் பறக்கிறது, முன்வரிசைப் பெரியவர்களின் தலையெல்லாம் தூள்!

தலைவரே, உங்கள் கை மட்டும் ஆடுகிறது. மணி கேட்கவில்லை!

ஆனால் பலகை இன்னும் விழவில்லை. பாதிதான் வந்திருக்கிறது. நான் முடிக்கக் கூடாது. எதைப் பேச? முதல் பல்லே, வணக்கம்! இரண்டாம் பல்லே, வணக்கம்! மூன்றாம் பல்லே! நான்காம் பல்லே! நீங்களும் சொல்லுங்கள்! பதினேழாம் பல்லே! துணைவியாரும் சொல்கிறார்! முப்பதாம் பல்லே! நாற்பதாம் பல்லே! நாற்பத்தேழாம் பல்லே! நாற்பத்தெட்டாம்...

விழுந்தது.

ஈரமாக, வெள்ளையாக, ஒரு முழுப் பலகை.

அத்தைக்கும், இருபத்திரண்டு மண்வெட்டிகளுக்கும், இன்னும் எழுந்திருக்காத பால்காரருக்கும், இவ்வளவு நேரம் பொறுத்த உங்கள் காதுகளுக்கும் என் நெஞ்சம் நிறைந்த நன்றி. குறித்துக்கொள்ளுங்கள் தலைவரே, இப்போதுதான் முடிக்கிறேன்.

வணக்கம்.