தேர்ச்சிக்கு ஐந்து வரி

— ‘மாணவர் அளவியலைப் புரிந்துகொள்வார்.’ இது என்னா லாவண்யா, சாமி வரம் குடுக்கற மாதிரி இருக்குது?

— சிரிக்காதீக. பட்டப்படிப்புல ஒவ்வொரு பாடத்துக்கும் தரம் எழுதணும்னு காலேஜுல சொல்லிட்டாக. முடிச்சு வர்ற பிள்ளைக்கு என்னென்ன தெரிஞ்சிருக்கணும்னு அஞ்சு வரி. நாளைக்குக் குடுக்கணும்.

— புரிஞ்சுதா இல்லயான்னு எத வெச்சு அளப்ப? எங்க கம்பெனில ‘ஷாஃப்ட் நல்லா இருக்குது’ன்னு எழுதினா அன்னிக்கே வூட்டுக்கு அனுப்பிடுவாங்க.

— அப்ப நீங்களே சொல்லுங்க விமல்ராஜ் சார். பத்து வருசமா சிப்காட்டுல அளக்குறவரு.

— மொதல்ல, மைக்ரோமீட்டர எடுத்தா ஒண்ணும் வெக்காம மூடிப் பாக்கணும். பூஜ்யத்துல நிக்கலன்னா கருவியே பொய் சொல்லுது. டிகிரி முடிச்சு வர்ற பசங்க பாதி பேர் இதப் பாக்கறதே இல்ல.

— ‘அளக்கும் முன் கருவியைச் சோதிப்பார்.’ ம், மேல.

— சூடா இருக்கற பீஸ ஆற வெச்சு அளக்கணும். ஒரு எடத்துல இல்ல, மூணு எடத்துல. ரிஜெக்ட் பீஸுன்னா, சூப்பர்வைசர் மொறச்சாலும் ரிஜெக்ட்டுன்னு சொல்லணும்.

— கடைசியத எப்படிங்க பரீட்சையில வைக்கிறது?

— வெச்சுப் பாரு. பாதி கம்பெனி உருப்படும்.

— நாலு வரி ஆச்சு. நாலையும் சொன்னது யாரு? இதே பேப்பர்ல அரியர் வச்சிருக்கற மனுசன்!

— ஆரம்பிச்சுட்டியா?

— பார்ட் டைம் பி.இ. முழுக்க முடிச்சு, இந்த ஒரு பேப்பர்ல நிக்கிறீக. இதான் கடைசி வாய்ப்பு, விண்ணப்பம் இன்னிக்கு அஞ்சு மணியோட முடியுது. பாஸானா இஞ்சினியர் போஸ்ட்டு. பழைய விடைத்தாள் நகல் வாங்கி வச்சிருக்கீகன்னு அத்தை சொன்னாக. காட்டுங்க, எங்க தப்புன்னு நானே சொல்லித் தர்றேன்.

— பேடா லாவண்யா. அந்தப் பேப்பரும் வேணாம், பரீட்சையும் வேணாம், வுட்டுடு.

— கட்டுன பொண்டாட்டிக்குக் காட்ட வெக்கமா? உங்களுக்குப் போயி ஃபெயில் போட்டிருக்காரு பாருங்க, அந்த ஆளு கையில ஒரு நாளாச்சும் மைக்ரோமீட்டரக் குடுத்துப் பாக்கணும்!

— குடுத்தன். போன வாரம்தான். பூஜ்யம் பாக்காமயே நீ அளந்த.

— ...என்ன சொல்றீக?

— குருபரப்பள்ளில உன்னப் பொண்ணு பாக்க வந்தன் இல்ல, அன்னிக்கு மேசமேல நீ திருத்தின நோட்டு கெடந்துச்சு. என் விடைத்தாள் நகல்ல இருந்த அதே எழுத்து. பாத்ததும் தெரிஞ்சுபோச்சு.

— ஐயோ... மொத வருசம் பேப்பர் திருத்தப் போனேன்... நானா? நானாங்க?

— அந்தப் பேப்பர எடுத்தா நீ இப்படி அழுவன்னுதான் பரீட்சையே வேணாம்னன்.

— மூணு வருசமா ஒரு வார்த்த சொல்லல... தெரிஞ்சுமா என்னையக் கட்டிக்கிட்டீக?

— நான் கணக்க மனசுலயே போட்டுட்டு வெறும் விடைய மட்டும் எழுதினன். நீ மார்க் போடல. ஆனா பக்கத்துல எழுதியிருந்த: ‘விடை சரி. எப்படி வந்தது?’ அது வரைக்கும் என்னைய யாரும் அப்படிக் கேட்டதே இல்ல. கண்ணத் தொடச்சுக்கோ, விண்ணப்பத்த எடு. உன் அஞ்சாவது வரியும் அந்தக் கேள்விதான்.