ஐந்து ஓட்டைகளும் ஒரு பெட்டிசமும்

முதல் துவக்கு வாங்கப் போகிறவர்கள் வழக்கமாக ஒரே பிழையைத்தான் விடுகிறார்கள். பார்க்க வடிவாக இருப்பதை வாங்கிவிடுவார்கள். முந்நூறு மீற்றர் தூரத்துக்குக் குறி பார்த்துச் சுடுகிற போட்டியில் வடிவு உதவாது. தடித்த, பாரமான குழல் வேண்டும். பத்து வெடி வைத்த பிறகும் அது சூட்டில் குணம் மாறக்கூடாது. விசை இலேசாக விடுபட வேண்டும். துவக்குக்குப் போடுகிற ரவை எந்தக் கடையிலும் கிடைக்கிற அளவாக இருந்தால் நல்லது. கேட்டு வருகிற எல்லோருக்கும் இதைத்தான் சொல்லி வருகிறேன். ஒருவனுக்கு மட்டும் மாற்றிச் சொன்னேன்.

என் பெயர் பத்மநாதன். பலெர்மோ நகரின் ஒரேத்தோப் பகுதியில் ஓர் அடுக்குமாடிக்கு வாசல் காவலாளி. எந்த வீட்டுச் சிஞ்ஞோரா எந்த வீட்டுச் சிஞ்ஞோராவோடு கதைப்பதில்லை என்பது அவர்களைவிட எனக்கு நன்றாகத் தெரியும். பகேரியாவுக்கு அப்பால் இருக்கும் சுடுகளத்தில் நான் மட்டும்தான் தமிழன். 2011இல் மூன்றாம் இடம் வந்து ஒரு கிண்ணம் எடுத்தேன். பலெர்மோவில் அந்தக் கிண்ணத்தைப் பார்க்காத தமிழ்க் குடும்பம் இல்லை. போட்டியில் எத்தனை பேர் சுட்டார்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஐந்து பேர் என்று சொல்லியிருப்பேன்.

கௌசிகன் வன்னிப் பெடியன். ஸ்தாசியோனே சென்ட்ராலே ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் ஓர் உணவகத்தில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தான். மனைவி வதனி வவுனியாவில் விசாவுக்குக் காத்திருந்தாள். அவனுடைய அகதி விண்ணப்பத்தை நிரப்பிக் கொடுத்ததே நான்தான். ‘ஆயுதம் எதையும் தொட்டதில்லை’ என்று அவன் சொன்னதை நல்ல இத்தாலியனில் எழுதினேன். பெர்மெஸ்ஸோ, அதுதான் இங்கே தங்குகிற அனுமதி, கிடைத்தது. நன்றிக்கடனாக ஞாயிற்றுக்கிழமைகளில் என் துவக்குப் பையைத் தூக்கிக்கொண்டு ரயிலில் வருவான். 2014இல் சுடுகளச் சங்கத்தில் அவனையும் சேர்த்துவிட்டேன். எனக்கும் என்னை வியந்து பார்க்க ஓர் ஆள் தேவைப்பட்டது.

முதல் நாள் என் துவக்கைக் கொடுத்து ஐந்து வெடி வைக்கச் சொன்னேன். குறித்தாளைக் கொண்டுவந்து பார்த்தால், ஐந்து ஓட்டைகளையும் ஒரு கோப்பிக் கோப்பையால் மூடிவிடலாம். நான் சுட்டால் சோற்றுக் கோப்பை வேண்டும்.

“அண்ணை, இது சரியோ?” என்று கேட்டான். நக்கல் இல்லை, உண்மையாகவே கேட்டான். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. பிறகு தாளை மடித்து என்னிடமே தந்தான். “நீங்களே வைச்சிருங்கோ. உங்கடை துவக்காலை சுட்டதுதானே.”

அடுத்த வருடம் அவனுக்கு உரிமம் கிடைத்தது. எந்தத் துவக்கு வாங்கலாம் என்று என்னிடம்தான் கேட்டான். பார்க்க வடிவான, மெல்லிய குழல் வைத்த வேட்டைத் துவக்கு ஒன்றைக் காட்டினேன். மூன்றாவது வெடியோடு குழல் சூடேறி, நாலாவது எங்கேயாவது போகும். பன்றி சுட நல்லது, பன்றி நாலாவது வெடிக்கு நிற்பதில்லை. “அண்ணை சொன்னால் சரி,” என்று வாங்கினான். அவனோ மூன்று வெடிக்கு ஒருமுறை குழல் ஆறும்வரை கண்ணை மூடிக்கொண்டு படுத்திருக்கப் பழகிக்கொண்டான். 2016 வசந்தகாலப் போட்டியில் அந்தத் துவக்கோடு இரண்டாம் இடம் வந்தான். நான் ஒன்பதாவது. சங்கத் தலைவர் என் முதுகில் தட்டி, மாணவனை நன்றாக உருவாக்கியிருக்கிறாய் என்றார்.

ரோமில் நடக்கிற பெரிய போட்டிக்குச் சங்கம் ஒருவரைத்தான் அனுப்பும். அந்த முறை எங்கள் இருவரில் ஒருவர் என்று சொன்னார்கள். எனக்கு ஐம்பத்திரண்டு வயது, அவனுக்கு இருபத்தொன்பது. அவனுக்கு இன்னும் எத்தனை வருடம் இருக்கிறது. ஒரு வருடம் அவன் உரிமம் தடைப்பட்டால் போதும் என்றுதான் நினைத்தேன்.

பெட்டிசம் எழுதுவது எங்கள் ஊரில் பெரிய பாவமில்லை. தபால்காரர் பிந்தினாலும் பெட்டிசம், கோயில் மணி முந்தினாலும் பெட்டிசம். பெயர் போடாமல் மேலிடத்துக்கு ஒரு கடிதம், அவ்வளவுதான். என் தகப்பனார் இரண்டு பக்கப் பெட்டிசத்தில் ஒரு கிராம விதானையையே மாற்றினவர். நான் ஒரு பக்கத்தோடு நிறுத்திக்கொண்டேன். இவன் இயக்கத்தில் குறிசூட்டுப் பிரிவில் இருந்தவன், அகதி விசாரணையில் பொய் சொன்னவன் என்று எழுதினேன். ஆதாரமாக அந்த ஐந்து ஓட்டைத் தாளை இணைத்தேன். ஆயுதம் தொடாதவன் முதல் நாளே இப்படிச் சுடுவானா என்று ஒரு கேள்வியும் கேட்டிருந்தேன். நல்ல கேள்வி. எந்த அலுவலகத்துக்குப் போட்டேன் என்பது இங்கே வேண்டாம்.

அந்தக் கேள்விக்குப் பதில் எனக்கு அப்போதே தெரியும். பகேரியா ரயிலில் ஒருநாள் அவனே சொல்லியிருந்தான். கடைசிச் சண்டையில் பதுங்குகுழி ஆஸ்பத்திரி ஒன்றில் காயக்காரருக்குச் சேலைன் ஏற்றினவன் அவன்.

“எறிகணை விழேக்கை கை நடுங்கினால் நரம்பு பிடிபடாது அண்ணை. மூச்சை விட்டுப்போட்டு, அடுத்த மூச்சு எடுக்க முதல் ஊசியை ஏத்த வேணும். கனபேருக்கு ஏத்தினனான்.”

இதைப் பெட்டிசத்தில் எழுதவில்லை. ஒரு பக்கம்தானே இருந்தது.

உரிமத்தோடு நிற்பார்கள் என்று நினைத்தேன். அவர்கள் பெர்மெஸ்ஸோவையும் எடுத்தார்கள். அவனுடைய மேன்முறையீட்டுக்கு மொழிபெயர்க்க நானே போனேன், ஒரு சொல்லும் பிசகாமல் மொழிபெயர்த்தேன். 2017 மார்ச்சில் ஊருக்கு விமானம் ஏற்றினார்கள். ஏறும்போது என்னிடம் துவக்கைக் கவனமாக எங்காவது ஒப்படைக்கச் சொன்னான். அங்கே இறங்கியதும் விசாரணைக்கு என்று யாரோ கூட்டிப் போனார்கள். இரண்டு வருடமாகிறது. அவனைப் பார்த்தவர்கள் இல்லை.

வதனி வாரம் ஒருமுறை தொலைபேசி எடுப்பாள். புருசனைத் தேடித் தரச்சொல்லி அவள் போடுகிற மனுக்களையெல்லாம் நான்தான் எழுதிக் கொடுக்கிறேன். இதுவரை நாற்பதுக்கு மேல். எல்லாவற்றிலும் பெயர் போட்டிருக்கிறேன்.

“ஆர் அண்ணை அவருக்கு எதிரா இப்பிடிப் பெட்டிசம் எழுதியிருப்பினம்?” என்று போன கிழமை கேட்டாள்.

“எங்கடை ஆக்கள்தான் தங்கச்சி. எரிச்சல் பிடிச்சதுகள்.”

“உங்களை மாதிரி ஒரு ஆள் அவருக்கு அங்கை இருந்தது பெரிய ஆறுதல்.”

“ஓம்,” என்றேன்.

ரோமுக்கு நான்தான் போனேன். முப்பத்தோராவதாக வந்தேன். அன்று காற்று சரியில்லை.

பெட்டிசத்தோடு அனுப்பியது பிரதிதான். அசல் தாளைச் சட்டம் போட்டுக் கிண்ணத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறேன். வீட்டுக்கு வருகிறவர்கள் ஐந்து ஓட்டைகளையும் பார்த்து வாயைப் பிளப்பார்கள். முந்நூறு மீற்றர், என்னுடைய துவக்கால் சுட்டது என்று சொல்வேன். அதில் ஒரு சொல்லும் பொய்யில்லை.