டிக்கெட் கிடைத்த கதை

நீங்கள் கொடுத்த டேப்லெட் நன்றாகவே வேலை செய்கிறது, நஜ்மா. சார்ஜ் நிற்கிறது, சத்தமும் தெளிவாக இருக்கிறது. என் மனைவி விசாலாட்சியின் குரல்பதிவு அதிலிருந்து காணாமல் போனதற்கு மெஷின் காரணமில்லை. நெட்டும் காரணமில்லை. போர்ட் பிளேரில் எது தொலைந்தாலும் நெட்டின் மேல் பழிபோட்டுத் தப்பித்துவிடலாம்தான். ஆனால் உங்களிடம் அப்படிச் சொல்ல மனம் வரவில்லை. மறதி நோய் வந்தவர்களின் வீடு தேடிப் போய், போட்டோவையும் குரலையும் சேர்த்து அவர்கள் வாழ்க்கையைச் சின்னச் சின்னப் படக்கதையாக்கிக் கொடுக்கிறவர் நீங்கள். அதைத் தினமும் பார்த்தால் தங்களைக் கொஞ்சமாவது கண்டுகொள்வார்கள் என்றீர்கள். உங்களுக்கு நான் பதில் சொல்ல வேண்டும்.

விசாலாட்சி காலையில் எழுந்ததும் பெட்டியில் புடவை அடுக்குவதை நீங்களே பார்த்திருக்கிறீர்கள். அடுக்கிவிட்டு என்னிடம் வருவாள்.

"ஏங்க, டிக்கெட் கெடச்சுதா? அம்மா கண்ண மூடுறதுக்குள்ள போயிரணும்."

அவள் அம்மா கயத்தாறில் இறந்து முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது. அதைச் சொன்னால், அப்போதுதான் செய்தி வந்ததுபோல் தரையில் உட்கார்ந்து அழுவாள். மறுநாள் காலையில் மறுபடி பெட்டி, மறுபடி டிக்கெட். எந்த மனுஷனால் தாங்க முடியும், சொல்லுங்கள்.

அவள் அம்மா சாகக் கிடக்கிறாள் என்று தந்தி வந்தபோது மெயின்லேண்ட் போக எங்களுக்குக் கப்பலை, இங்கே சொல்வதுபோல் ஜஹாஜை, விட்டால் வேறு வழியில்லை. பிளேன் எல்லாம் பெரிய ஆபீசர்களுக்கு. டிக்கெட் கிடைக்கவில்லை, அடுத்த ஜஹாஜில் பார்ப்போம் என்று நான் வந்து சொன்னேன். அடுத்த ஜஹாஜ் வருவதற்குள் அங்கே எல்லாம் முடிந்துவிட்டது. இந்தத் தீவில் பாதிக் குடும்பங்களுக்கு இப்படி ஒரு கதை இருக்கும்.

மீதியை நீங்கள் கேட்டிருக்கிறீர்கள். நான் மீன் வாங்கப் போயிருந்த நேரத்தில் அவளிடம் பேச்சுக் கொடுத்து, அவள் சொன்னதைப் பதிவு செய்தீர்கள். நாகரிகம் கருதி என்னிடம் எதுவும் கேட்கவில்லை. நானே சொல்லிவிடுகிறேன். கப்பல் டிக்கெட் கவுண்டரில் இருந்த அழகர்சாமி எனக்குப் பழக்கம். அவசரத்துக்கென்று ஓர் இடம் பிடித்து வைத்திருந்தார்.

"அரே தோஸ்த், ஜல்தி பணத்தக் கட்டு. காலைல ஜஹாஜ் கெளம்புது" என்றார்.

வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அதற்கு முந்தைய தடவை அம்மா வீட்டுக்குப் போனவள் தீபாவளி, பொங்கல் இரண்டையும் அங்கேயே முடித்துக்கொண்டுதான் வந்தாள். வந்து இறங்கியதும், "திரும்பி வரவே பிடிக்கலங்க" என்று சிரித்தாள். விளையாட்டாகச் சொன்னது என்பார்கள். ஆபீஸ் விட்டு வந்து, விளக்குப் போடாத வீட்டில் நான் உட்கார்ந்திருந்த சாயங்காலங்கள் எனக்குத்தான் தெரியும். எனக்குத் தனியாக இருக்க வராது. அம்மாக்கள் எப்படியும் ஒருநாள் இறந்துதான் போகிறார்கள். யோசித்துப் பார்த்தால் அதில் யாருக்கும் புதிதாக நஷ்டமில்லை.

விஷயம் அழகர்சாமியின் மனைவி மூலம் அவளுக்குத் தெரிந்துபோனது. அவள் சண்டை போடவில்லை. என்னோடு பேசுவதை நிறுத்திக்கொண்டாள், அவ்வளவுதான். எங்கள் மகள் மீனா கோயம்புத்தூருக்குக் கல்யாணமாகிப் போகும்வரை, "அப்பாவச் சாப்பிடச் சொல்லு" என்று அவள் வழியாக இரண்டொரு வார்த்தை வரும். காரணம் என்னவென்று மீனாவுக்கு இன்றுவரை தெரியாது. அவள் போனபிறகு அந்த வார்த்தையும் நின்றது. விசாலாட்சி தட்டை வைத்துவிட்டு அடுக்களைக்குள் போய்விடுவாள். நான் சாப்பிட்டு எழுந்தபிறகுதான் வெளியே வருவாள். மறதி வந்துதான் அவள் என்னோடு பேசத் தொடங்கினாள். அதுவும் தினமும் டிக்கெட்டைப் பற்றி.

ஆகவே நீங்கள் கற்றுக்கொடுத்ததை உட்கார்ந்து செய்தேன். கல்யாணமான புதிதில் கப்பல் மேல்தளத்தில் நாங்கள் நின்ற போட்டோ ஒன்று இருந்தது. ஹாடோ ஜெட்டிக்குப் போய்க் கப்பல் ஊதும் சத்தத்தைப் பிடித்து வந்தேன். மீனாவின் காதுகுத்துக்கு வந்த மாமியார், வெற்றிலைத் தட்டோடு உட்கார்ந்திருக்கும் படத்தையும் சேர்த்தேன். மேலே என் குரல். "டிக்கெட் கெடச்சிருச்சு விசாலம். நாந்தான் ஒன்னயக் கூட்டிட்டுப் போனேன். அம்மா வாயில நீதான் பால் ஊத்துன."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலை என்பீர்கள். சோறு நிறைய இருந்தால் மறைக்கலாம், நஜ்மா. காலையும் சாயங்காலமும் போட்டேன். மழைக்காலம் முடிவதற்குள் பெட்டி அடுக்குவது நின்றுவிட்டது. ஒருநாள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அம்மா என் மடியிலதான் போனாக" என்றாள். அவள் கை என்மேல் பட்டு எத்தனை காலம். நான் அழுதுவிட்டேன். சந்தோஷத்தில்தான்.

மிச்சமிருந்தது உங்கள் பதிவு மட்டும். மீனா லீவுக்கு வரும்போது அம்மாவின் குரலைக் கேட்கட்டும் என்று வைத்திருந்தீர்கள். அதில் அவள், "காத்தமுத்து டிக்கெட் இருந்தும் எடுக்கல. எங்க அம்மா வாசலப் பாத்துக்கிட்டே செத்தா" என்று என் பெயரைச் சொல்லியே பேசுகிறாள். புருஷன் பெயரை வாய்விட்டுச் சொல்லாத வழக்கத்தில் வளர்ந்தவள். அழிப்பதற்கு முன் அவளுக்கு ஒருதடவை போட்டுக் காட்டினேன். அவளுடைய பொருளை அவளைக் கேட்காமல் அழிப்பது முறையில்லை. அவள் கடைசிவரை கேட்டாள்.

"பாவம் இந்தப் பொம்பள. யாரு அந்தக் காத்தமுத்து?"

"யாரோ" என்றேன்.

"நல்லா இருப்பானா அவன்?"

பிறகு அழித்தேன். அவள் சம்மதத்தோடு என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

போன வாரம் அவளுக்குக் கஞ்சி கொண்டுபோனேன். என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"நீங்க யாருங்க? எங்க வீட்டுக்காரு வர்ற நேரம். அவுக ரொம்ப நல்லவுக. அம்மா சாகக் கெடந்தப்ப என்னயக் கப்பல்ல கூட்டிட்டுப் போனவுக. நீங்க கெளம்புங்க."

நான்தான் அது என்றேன். அவள் டேப்லெட்டையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள், பிறகு மரியாதையாக வாசலைக் காட்டினாள். செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போனேன். லம்பா லைனில் எங்கள் வீட்டுக் கேட்டில் நின்றால் பிளேன் இறங்குவது தெரியும். ஒன்று இறங்கியதும், அவள் வீட்டுக்காரன் அப்போதுதான் வந்து சேர்ந்ததுபோல் கதவைத் தட்டி உள்ளே வந்தேன். எனக்குப் பின்னால் யாராவது வருகிறார்களா என்று அவள் எட்டிப் பார்த்தாள். இப்போது தினமும் அப்படித்தான். அவள் நிம்மதியாக இருக்கிறாள். நான் விரும்பியதும் அதுதான்.

அந்தப் பதிவுக்கு நகல் எடுக்கவில்லை என்றீர்கள். உங்கள் போனில் இன்னொருதடவை தேடிப் பாருங்கள், நஜ்மா. மீனாவுக்காகக் கேட்கவில்லை. அதில் அவள் காத்தமுத்து என்று சொல்லுகிற இடம் மட்டும் போதும்.