அண்ணன் தலையாட்டினார்

"இன்னைக்குச் சக்கரை கொஞ்சம் தூக்கலா இருக்கு, எஸ்னாத்."

"வெயில் அதிகமா இருக்கேண்ணே. தெம்பா இருக்கட்டும்னு போட்டேன்."

"என்னவோ கேக்க வந்தவ மாதிரியே நிக்கிற."

"ஒண்ணுமில்லண்ணே. குடிங்க. கூட்டம் காத்துக்கிட்டிருக்கு."

நாமசோகோ சந்தைத் திடலில், மேடைக்குப் பக்கத்தில், என் அண்ணன் லாஸ்டன் மக்வாண்டாவும் நானும் நின்றபடி பேசிய கடைசிப் பேச்சு இதுதான், இன்ஸ்பெக்டர். சர்க்கரையைப் பற்றித்தான் பேசினோம். அண்ணன் தங்கைக்குள் வேறென்ன பெரிய பேச்சு இருக்கப் போகிறது.

நீங்கள் என்னைத் தேடி வரவில்லை. ஆஸ்பத்திரியில் மாரடைப்பு என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். அண்ணனைப் புதைத்துப் பதினெட்டு நாள் ஆகிறது. நானாகத்தான் வந்திருக்கிறேன். கட்சிச் செயலாளர் ஜாமு ஊர் முழுக்க ஒரு பொய்யைச் சொல்லிக்கொண்டு திரிகிறார். அண்ணன் தன் இடத்தில் என்னை நிற்கச் சொல்லிச் சம்மதம் கொடுக்கவே இல்லையாம். கொடுத்தார். இரண்டு தடவை தலையாட்டினார். அது எங்கே, எப்போது நடந்தது என்று முறையாக ஒரு தாளில் ஏற வேண்டும். இந்தப் பெண் போலீஸ் நிதானமாக எழுதட்டும். நடுவில் நிறுத்த வேண்டுமானால் சொல்லட்டும், நிறுத்துகிறேன்.

நீங்கள் வடக்குக்காரர். உங்கள் பக்கம் எல்லாம் அப்பா வழி. இங்கே ஒரு பெண்ணுக்கு அண்ணன்தான் எல்லாம். அவளுடைய கல்யாணத்தைப் பேசுவது அவன். புருஷன் அடித்தால் போய்க் கேட்பதும் அவன். அவள் வாய் திறந்து தனக்கென்று எதையும் கேட்கக் கூடாது. அவளுக்காக அவன்தான் போய்க் கேட்பான். நல்ல ஏற்பாடுதான். நான் குறை சொல்லவில்லை. ஆனால் அண்ணனிடமே ஒன்றைக் கேட்க வேண்டியிருந்தால் யாரை அனுப்புவது? அதற்கு எங்கள் பக்கம் வழி வைக்கவில்லை.

பதினைந்து வருஷம் அண்ணன் எம்.பி. பதினைந்து வருஷமும் பெண்கள் அணிக்கு நான் தலைவி. தலைவி என்றால் ஆடுகிறவள். தலைவர்கள் வந்து இறங்கும்போது புழுதியில் வட்டமாக நின்று ஆட வேண்டும், பாட வேண்டும், குலவையிட வேண்டும். கட்சி கொடுக்கும் ஊதாத் துணியை இடுப்பில் சுற்றியிருப்போம். துணி முழுக்க அண்ணன் முகம். உட்கார்ந்தால் அவர் மேல்தான் உட்கார வேண்டும் என்று பெண்கள் சிரிப்பார்கள். ஆட்டம் முடிந்ததும் அவர்கள் நாற்காலியில் உட்காருவார்கள், நாங்கள் தரையில். எனக்கு ஐம்பத்து நான்கு வயது. இரண்டு முழங்காலும் போய்விட்டது.

பதினான்கு கிராமத்திலும் எந்தக் குழாய்க்கிணற்றில் கைப்பிடி உடைந்திருக்கிறது என்று எனக்குத் தெரியும். எந்த வீட்டில் உரச் சீட்டு வரவில்லை, எந்த வீட்டில் பிணம் கிடந்து சவப்பெட்டிக்குப் பலகை இல்லை, எல்லாம் என்னிடம்தான் வரும். அண்ணன் தலைநகரிலிருந்து மாதத்துக்கு ஒரு தடவை வருவார். காரில் வரும்போதே நான் சொல்லச் சொல்லக் கேட்டுக்கொண்டு, மேடையில் ஏறி அதையே பேசுவார். கை தட்டுவார்கள். நானும் தட்டுவேன். எனக்கு வேண்டியதெல்லாம் ஒரு தடவை, ஒரே தடவை, வாக்குச் சீட்டில் என் பெயர்.

தேர்தல் வந்துவிட்டால் அண்ணன் யார் வீட்டிலும் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டார். எல்லா வேட்பாளரும் அப்படித்தான். எந்தக் கையில் என்ன இருக்கும் என்று யாருக்குத் தெரியும். அவருக்கு நான் காய்ச்சும் தோப்வாச் சோளக் கஞ்சி மட்டும்தான். கூட்டத்துக்கு முன்னால் நான் முதல் வாய் குடிப்பேன். பெண்கள் குலவையிடுவார்கள். அப்புறம் அவர் குடிப்பார். எனக்கு இனிப்பு ஆகாது, அவருக்கு இல்லாமல் ஆகாது. அதனால் நான் குடித்த பிறகுதான் சர்க்கரையைப் போட்டுக் கலக்குவேன். நாலு தேர்தலாக ஊரே பார்த்த வழக்கம். யார் கண்ணிலும் உறுத்தாது.

ஜூன் மாதம் நான் ஜாமுவின் வீட்டுக்குப் போனேன். பழைய தலைமையாசிரியர், அண்ணனுக்கு வலது கை. ஓய்வாகக் கடலை உரித்துக்கொண்டிருந்தார். இந்தத் தடவை அண்ணன் ஒதுங்கிக்கொண்டு என்னை நிறுத்த வேண்டும், இதை எனக்காக அவரிடம் நீங்கள் கேட்க வேண்டும் என்றேன். அந்த வாக்கியத்தை நான் இன்னொரு ஆளிடம் சொன்னது அன்றுதான். ஜாமு எழுந்து நின்று என் கையைப் பிடித்துக் குலுக்கினார். "இதை நீங்க பத்து வருஷம் முன்னாடியே கேட்டிருக்கணும்க்கா," என்றார்.

ஒரு வாரம் கழித்து அவரே வீட்டுக்கு வந்தார்.

"கேட்டேன்க்கா."

"என்ன சொன்னாரு?"

"அதை விடுங்க."

"சொல்லுங்க, ஜாமு."

"சிரிச்சாரு. 'எஸ்னாத் மேலே ஏறிட்டா கீழே யாருய்யா ஆடுவா'ன்னாரு. மனசுல வச்சுக்காதீங்க."

"வச்சுக்கலை," என்றேன். தேநீர் போட்டுக் கொடுத்து அனுப்பினேன்.

அண்ணன் நாலாவது தடவையாக மனுத் தாக்கல் செய்தார். நான் ஆடினேன். அன்று ஆடியது போல என்றைக்கும் ஆடியதில்லை என்று எல்லோரும் சொன்னார்கள். மனுத் தாக்கல் முடிந்த கையோடு, அதே ஜாமு, அதே கடலை. அவர் பழைய வாத்தியார் அல்லவா, பாடம் எடுப்பது போலத்தான் சொன்னார்.

"மனு முடிஞ்சப்புறம் வேட்பாளர் செத்துப்போனா என்ன ஆகும், தெரியுமாக்கா?"

"என்ன ஆகும்?"

"இந்தத் தொகுதிக்கு மட்டும் தேர்தல் தள்ளிப்போகும். புதுசா மனு வாங்குவாங்க."

"யாரு நிப்பா?"

"வேற யாரு. ஜனங்களுக்குப் பழகின முகமாத்தான் பாத்துப் போடணும்." அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. தோலை ஊதிக்கொண்டிருந்தார்.

"அண்ணன் நல்லா இருக்கட்டும்," என்றேன்.

"இருக்கட்டும், இருக்கட்டும். கடலை எடுத்துக்குங்க."

அவர் சொல்லித்தான் செய்தாயா என்று கேட்கிறீர்கள். இல்லை. அவர் கடலை எடுத்துக்கொள்ளத்தான் சொன்னார். அதையும் எழுதிக்கொள்ளுங்கள், ஆனால் இதில் அவரைப் பங்குதாரர் ஆக்க எனக்கு விருப்பமில்லை. பதினைந்து வருஷம் நான் செய்ததெல்லாம் ஆம்பிளைகள் பெயரில் போயிற்று. கிணறு அண்ணன் பெயரில். பள்ளிக்கூடக் கூரை கட்சி பெயரில். இது ஒன்றாவது என் பெயரில் இருக்கட்டும். சோளக் குதிருக்குப் போடும் பூச்சி மருந்து எல்லார் வீட்டிலும் இருக்கிறது. என் வீட்டிலும் இருந்தது. சர்க்கரைப் பொட்டலத்தில் கலந்தது நான். ஜாமுவுக்குப் பொட்டலம் மடிக்கக்கூடத் தெரியாது.

நாமசோகோவில் வைத்துச் செய்ததற்கும் ஒரு காரணம் உண்டு. அவருடைய முதல் கூட்டத்தை நான்தான் அங்கே கூட்டினேன். அன்றைக்கு மூவாயிரம் பேர். அந்தத் திடலில் அவருக்கு மரியாதை குறையாது என்று நினைத்தேன். யாரும் இல்லாத இடத்தில் தனியாகப் போகட்டும் என்று விடுகிறவள் இல்லை நான்.

சாவு வீட்டில் அண்ணி டோரிகா என் தோளில் சாய்ந்துகொண்டு ஒன்று சொன்னாள். "ஒவ்வொரு தேர்தலுக்கும் உங்க அண்ணன் சொல்வாரு, எஸ்னாத். 'அவ மனசுல என்னவோ இருக்கு, வாயைத் திறக்க மாட்டேங்கறா. கேட்டா குடுத்துட்டுப் போறேன்'னு. என்னன்னுதான் தெரியாமலே போயிட்டாரு."

"ஜாமு எதுவும் சொல்லலையா?" என்று கேட்டேன்.

"ஜாமு என்ன சொல்லணும்?"

அப்படியானால் ஜாமு கேட்கவே இல்லை. அந்தச் சிரிப்பும் அந்தப் பேச்சும் அவர் வீட்டில் தயாரானவை. இதை நான் டோரிகாவின் தலையைத் தடவிக்கொண்டே புரிந்துகொண்டேன். உங்கள் முகத்தைப் பார்த்தால் தெரிகிறது. இதில் அண்ணன் மேல் என்ன தப்பு என்று நினைக்கிறீர்கள். இருக்கிறது. என் மனசில் ஒன்று இருப்பது அவருக்குத் தெரிந்திருக்கிறது. பதினைந்து வருஷம் தெரிந்திருக்கிறது. தெரிந்தவர் நாற்காலியிலிருந்து எழுந்திருக்க வேண்டியதுதானே. கேட்டால் கொடுப்பேன் என்று ஒருவன் உட்கார்ந்தே இருப்பது கொடுப்பது ஆகாது. பசித்தவள் எதிரில் சாப்பிட்டுக்கொண்டே, வேண்டுமானால் சொல் என்பது எப்படியோ அப்படி.

போன செவ்வாய்க்கிழமை கட்சிக் குழு கூடியது. கறுப்புத் துணி கட்டிக்கொண்டு, பன்னிரண்டு பெண்களோடு போனேன். அண்ணன் எனக்குச் சம்மதம் கொடுத்திருக்கிறார் என்றேன். குழுவில் ஐந்து ஆண்கள், அவர்களுக்குத் தேநீர் ஊற்றியபடி ஒரு பெண்.

"எப்போ குடுத்தாரு?" என்றார் ஜாமு. "யாரு முன்னாடி?"

"தலையாட்டினாரு. ரெண்டு தடவை."

"பாட்டு நல்லா இருந்தா லாஸ்டன் எப்பவும் தலையாட்டுவாருய்யா," என்றார் ஜாமு. ஐந்து பேரும் சிரித்தார்கள். தேநீர் ஊற்றியவளும் சிரித்தாள்.

வேட்பாளர் ஜாமு என்று முடிவானது. வாசல் வரை கூடவே வந்தார். "துணி அச்சுக்குக் குடுத்தாச்சுக்கா, என் மூஞ்சி போட்டு. முதல் துணி உங்களுக்குத்தான். இன்னும் அஞ்சு வருஷம் ஆடுங்க. உங்களை விட்டா யாரு இருக்கா?"

நேரே வீட்டுக்குப் போய், அண்ணன் முகம் போட்ட துணிகளையெல்லாம் எடுத்து, ஒவ்வொன்றாக மடித்து வைத்தேன். நாற்பத்தோரு துணி. அதில் ஒன்றைத்தான் இப்போதும் கட்டியிருக்கிறேன். பிறகு இங்கே வந்தேன்.

இதை எழுதி முடித்ததும் முத்திரை குத்தி எனக்கு ஒரு நகல் தர வேண்டும். நாளை மாலை நான்கு மணிக்கு மனுத் தாக்கல் முடிகிறது. யார் முன்னாடி கொடுத்தார் என்று கேட்டார்கள் அல்லவா. போலீஸ் தாளைவிடப் பெரிய ஆதாரம் என்ன இருக்கிறது. தண்டனை பற்றியெல்லாம் பிறகு நிதானமாகப் பேசிக்கொள்ளலாம்.

சம்மதம் கொடுத்த இடத்துக்கு வருகிறேன்.

அண்ணன் கஞ்சியைக் குடித்து முடித்துவிட்டு மேடையில் ஏறினார். கொஞ்ச நேரம் நன்றாகத்தான் பேசினார், நான் சொல்லிக் கொடுத்த கிணற்றுக் கணக்கைக்கூடத் தப்பில்லாமல் சொன்னார். பிறகு ஒரே வார்த்தையை மறுபடி மறுபடி சொன்னார். மைக்கைப் பிடித்தார். உட்கார்ந்தார். நாற்காலி சரிந்தது. இளைஞர் அணிக்காரர்கள் தூக்கிக்கொண்டு வந்து மேடைக்குப் பின்னால் மாமரத்தடியில், விநியோகத்துக்கு வைத்திருந்த துணி மூட்டைகளின் மேல் கிடத்தினார்கள். கீழே அத்தனையும் அவர் முகம், மேலே அவர். ஜாமு வண்டி கொண்டுவரப் போனார். வண்டி பக்கத்தில்தான் நின்றது. அவர் வெகுநேரம் கழித்துத்தான் வந்தார். "காத்து வரட்டும், தள்ளிப் போங்க, என் அண்ணனை நான் பாத்துக்கறேன்," என்றேன். தள்ளிப் போனார்கள். என் சொல்லுக்கு அந்தத் திடலில் எப்போதும் மரியாதை உண்டு. அந்தப் பக்கம் பெண்கள் இன்னும் ஆடிக்கொண்டிருந்தார்கள். நிறுத்தச் சொல்ல ஆள் இல்லை.

அவர் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். பிடி பலமாகத்தான் இருந்தது; நான்கு நாள் தழும்பு இருந்தது. வாய் கோணியிருந்தது, பேச்சு வரவில்லை. கண் மட்டும் என் முகத்திலேயே இருந்தது. நான் சொல்லப் போவதைக் கேட்கத்தான் அப்படிப் பார்த்தார். அவர் தலை இரண்டு தடவை மேலும் கீழும் அசைந்தது. அதன் பிறகு அசையவில்லை. வலிப்பு என்று உங்கள் டாக்டர் சொல்லலாம். அவர் அங்கே இல்லை. நான் இருந்தேன்.

முறை தவறிக் கேட்டேன் என்று ஒருவரும் சொல்லிவிடக் கூடாது. பிறகு முழங்கால் வலியோடு மண்ணில் மண்டியிட்டேன். ஆண்களிடம் பேசும்போது செய்வது போல இரண்டு கையையும் சேர்த்துத் தட்டினேன். நடுவில் யாரையும் அனுப்பாமல், என் வாயால், அவர் காதருகே குனிந்து கேட்டேன்.

"அண்ணே, இந்தத் தடவை நான் நிக்கட்டுமா?"