சிம்னியில் விழுந்த கோடு

திண்டிவனத்திலிருந்து மரக்காணம் போகும் பேருந்தில், எனக்கு முன் இருக்கையில் உப்பளத்தில் வேலை செய்யும் இரண்டு பெண்கள். இளையவள் சொன்னாள்:

“விளக்கு சிம்னிக் கண்ணாடியக் கீறிப் பாத்துட்டுதான் கல்யாணத்துக்கே சரின்னு சொன்னேன்க்கா.”

“என்னாடி சொல்ற?”

அவள் கழுத்தில் தொங்கிய வரி வரியான கல்லைக் காட்டினாள்.

“அவரு பாண்டியில கல்லு பட்டை தீட்டறாரு. பொண்ணு பாக்க வந்தப்ப, பூமியில கெடைக்கிற அகேட் கல்லுன்னு இதைக் குடுத்தாரு. சாயம் ஏத்தின கண்ணாடின்னு எங்க அண்ணன் அவரு மூஞ்சிக்கு நேராவே சொல்லிட்டாரு.”

“கோச்சிக்கலையா?”

“இல்லக்கா. ‘வெறும் கண்ணாடி, கண்ணாடியக் கீறாது. நீயே கீறிப் பாரு’ன்னாரு. சிம்னி மேல அழுத்தி இழுத்தேன். சிம்னியில கோடு விழுந்துச்சு. கல்லுல ஒண்ணுமே இல்ல.”

“அண்ணன்?”

“கல்லத் திருப்பித் திருப்பிப் பாத்தாரு. ‘இவன் பொய் சொல்றவன் இல்ல’ன்னு அவரே தேதி குறிக்கப் போயிட்டாரு.”