அம்மா அனுப்பிய கார்டு

அட்டன் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இரண்டு பெண்கள் இருந்தார்கள். ஜன்னலோரம் இருந்தவள் சொன்னாள்: "குவைத்துல இருக்க எங்க அக்கா அனுப்பினதுன்னு சொல்லி, அவ மகளுக்கு நானே பொறந்தநாள் கார்டு செஞ்சு குடுத்துட்டேன்டி."

"ஏன், அக்கா போன்ல கோல் எடுக்கலியா?"

"ஏழு மாசமா ஒரு தகவலும் இல்ல. நான் கடைக்கு கார்டு செஞ்சு குடுக்கிற மாதிரியே, உள்பக்கம் ரப்பர் ஸ்டாம்புல ரோசாப்பூ குத்தி, 'அன்பு மகளுக்கு அம்மா'ன்னு எழுதினேன்."

"அடிப்பாவி! புள்ள நம்பிருச்சா?"

"ராத்திரி கட்டிப்புடிச்சிக்கிட்டு படுத்துச்சி. காலையில பள்ளிக்கூடம் போகையில, 'சித்தி, பூவு மத்தப் பக்கமும் ஒட்டியிருக்கு. அடுத்த வருசம் மை காஞ்ச பொறகு மடிங்க'ன்னு சொல்லிட்டுப் போயிருச்சி."