இழுப்பு குறைந்த இடம்

பொன்னாத்தாள்: ஏனுங்க, அதை அங்க வைக்காதீங்க!

மிக்கேல்: வைக்கோல்போரு நெழலுதானுங்கம்மா. பொட்டிக்கு வெயிலு ஆகாது.

பொன்னாத்தாள்: முன்ன நீங்க ஆருன்னு சொல்லுங்க. சர்க்காருக்கு நெல்லு அளக்கச் சொல்ற லெவி ஆபீசுங்களா?

மிக்கேல்: சர்வே ஆளுங்க. பேரு மிக்கேல், சேலத்துக்காரன். பூமிக்கடியில இரும்புக்கல்லு இருக்குதான்னு பாக்கறோம்.

பொன்னாத்தாள்: தோண்டாமயா?

மிக்கேல்: தோண்ட வேண்டாங்க. பூமி எல்லாத்தையும் தன் பக்கம் இழுக்குதில்லீங்களா... அந்த இழுப்பை இந்தப் பொட்டி அளக்கும்.

பொன்னாத்தாள்: காந்தமாட்டவா?

மிக்கேல்: காந்தம் இரும்பைத்தான் இழுக்கும். இது உங்களை, என்னை, மாட்டை... ஒண்ணையும் உடாது. ஆனா ரொம்பச் சோதாங்க.

பொன்னாத்தாள்: பூமியா சோதா? ஆரை ஏய்க்கறீங்க!

மிக்கேல்: நெசமாத்தானுங்க. ஒரு ஆணியை மொத்தப் பூமியும் கீழ இழுக்குது. துளியூண்டு காந்தம் அதை மேல தூக்கிருதே!

பொன்னாத்தாள்: ...செரி. அடியில கல்லு இருந்தா?

மிக்கேல்: இழுப்பு நூலளவு கூடும். குழிகிழி இருந்தா கொறையும்.

பொன்னாத்தாள்: குழியா...

மிக்கேல்: சித்த இருங்க... ம்... இங்க கம்மியாத்தான் காட்டுது.

பொன்னாத்தாள்: அட, அதெல்லாம் இல்லீங்க! அக்கட்டால, கெணத்து மேட்டுல வச்சுப் பாருங்க.

மிக்கேல்: நோட்டுல எழுதிட்டேனுங்களே.

பொன்னாத்தாள்: அடிச்சுப்போடுங்க.

மிக்கேல்: நோட்டு ஆபீசருக்குப் போகுதுங்க. அடிச்சா ஏன்னு கேப்பாரு. நீங்க எதுக்கு இப்படிப் பதறுறீங்க?

பொன்னாத்தாள்: ஆரு பதறுனா? மோரு குடிக்கறீங்களா?

மிக்கேல்: இந்த வைக்கோல்போருக்கு அடியில என்னங்கம்மா இருக்குது?

பொன்னாத்தாள்: ஒண்ணுமில்ல...

மிக்கேல்: அம்மா...

பொன்னாத்தாள்: ...சாமி, உங்க கால்ல வேணும்னாலும் உளுகறேன். பன்னெண்டு மூட்டை நெல்லு. லெவிக்குத் தெரியாமப் பொதச்சோம். போன வருசம் கேட்டதெல்லாம் அளந்து குடுத்துட்டு, ஆடி மாசம் எம்புள்ளைங்க புளியங்கொட்டைய வறுத்துத் தின்னுச்சுங்க. மறுக்கா அதைப் பாக்க என்னால ஆகாது. ஊட்டுக்காரரு கூட, ஆரு கண்ணுக்கும் சிக்காதுன்னாரு... உங்க பொட்டி கண்டுபுடிச்சிருச்சு.

மிக்கேல்: பொட்டி ஒண்ணையும் கண்டுபுடிக்கலீங்கம்மா. முந்தாநாளு அயோத்தியாப்பட்டணத்துல என் கை தவறி விழுந்து, உள்ள ஸ்பிரிங் அந்துபோச்சு. சொன்னா வேலை போயிரும்னு, ரெண்டு நாளா வாயில வந்த நம்பரை எழுதிட்டுத் திரியறேன்... நீங்களும் ஆருகிட்டயும் சொல்லிராதீங்க.